மனச்சிதைவு நோய்: அறிகுறிகளும் நோயறிதலும்

“இரத்தப் பரிசோதனை சரியாக உள்ளது, ஸ்கேனிலும் குறையில்லை. பின் எவ்வாறு இதை நோய் என்கிறீர்கள்?” எங்கள் புறநோயாளிகள் பிரிவில் பெற்றோர் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு, சிந்தனையையும் உணர்வையும் நடத்தையையும் பாதிக்கும் நோய். பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது.

அறிகுறிகள்

அருகில் எவருமில்லாதபோதும் குரல்கள் கேட்டல், உணவில் விஷம் கலக்கிறார்கள் என்பது போன்ற அசைக்க முடியாத ஐயம், தொடர்பற்ற பேச்சு ஆகியவை எளிதில் கண்ணில் படும்.

ஓசையற்ற அறிகுறிகளும் உண்டு: பேச்சுக் குறைதல், முகத்தில் உணர்ச்சி தோன்றாமை, குளிப்பதிலும் உடுத்துவதிலும் அக்கறையின்மை, நண்பர்களை விட்டு விலகுதல். இவை குரல்கள் கேட்பதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடலாம். வீட்டிலோ இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் கருதிக் கண்டிக்கின்றனர். சிகிச்சைக்குரிய காலம் வீணாகிறது.

நோயறிதல்

இந்நோயை உறுதிப்படுத்தும் தனிச் சோதனை எதுவும் இன்றில்லை. தைராய்டு கோளாறு, வலிப்பு நோய், மூளைக் கட்டி, கஞ்சாப் பழக்கம் ஆகியவையும் இத்தகைய அறிகுறிகளைத் தரக்கூடும். அவற்றை விலக்கி அறியவே சோதனைகள் செய்கிறோம். முக்கிய அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதம் நீடித்துள்ளனவா எனவும் ஆராய்கிறோம். அதற்காக வீட்டிலேயே ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொருளன்று.

தமக்கு நோய் உள்ளது என்பதை நோயாளி உணராதிருப்பது இந்நோயில் மிகப் பரவலாகக் காணப்படுவது. ஆகவே குடும்பத்தினர் கூறும் விவரமே எங்களுக்குப் பெருந்துணை. மாற்றம் எப்போது தொடங்கியது, படிப்பும் வேலையும் எப்போது தடைப்பட்டன, உறக்கம் எவ்வாறுள்ளது, போதைப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் மனநோய் இருந்ததா என்பவற்றை எழுதி எடுத்து வாருங்கள்.

குரல்கள் பொய் என்று நோயாளியிடம் வாதிட வேண்டாம். அவருடைய அச்சத்தைக் கேட்டறியுங்கள். தம்மையோ பிறரையோ துன்புறுத்துமாறு குரல்கள் ஏவுவதாகக் கூறினாலோ, வாழ விருப்பமில்லை என்றாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

இந்நோய் வளர்ப்பின் குறையால் வருவதன்று. கண்டித்த நாட்களை எண்ணி வருந்துவதினும், இன்றே அழைத்து வருவது மேல். எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ, அவ்வளவுக்குப் படிப்பையும் வேலையையும் மீட்கும் வாய்ப்பு மிகும்.