காவல் நாய்க்குட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மொரப்பூர்ப் பக்கத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர்களிற் பலர் ஆடுகளும் வைத்திருக்கின்றனர். பட்டிக்கும் களத்துக்கும் இராக்காவலுக்கு நல்ல நாய் அவசியம். காளைக்கன்று வாங்கும்போது பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, தாய்ப்பசுவைப் பற்றியும் விசாரித்தறியும் விவசாயி, நாய்க்குட்டி விஷயத்தில் மாத்திரம் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. சந்தையிற் கூடையில் வந்ததையோ, கைபேசியிற் படமாய் வந்ததையோ பார்த்த மாத்திரத்தில் விலை பேசிவிடுகிறார். இதனால் உண்டாகும் நஷ்டம் குட்டியின் விலையோடு நிற்பதில்லை. காது கேளாத நாயை நம்பிய பட்டியில் ஆடு களவு போகும். வெறிநோய் கொண்ட குட்டி கடித்தாலோ உயிருக்கே ஆபத்து.

வேலைக்கேற்ற இனம்

விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நாயும், தேனி மாவட்டத்துக் கோம்பை நாயும் காவலுக்குப் பேர்போனவை. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலும் உடைய ஓட்ட நாய்கள். இவற்றை முயல் வேட்டைக்கென்று வாங்குதல் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவ்வேட்டை குற்றமாகும். நாட்டினங்களைக் காக்கும் பொருட்டுக் கால்நடை பராமரிப்புத் துறை 1980-81-இல் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனவிருத்திப் பிரிவொன்றை நிறுவியது. இனம் இன்னதென்று நிச்சயித்த பின்னரே விற்பவரைத் தேட வேண்டும்.

விற்பவரின் இடமும் தாய் நாயும்

குட்டி பிறந்த இடத்தை நேரிற் சென்று பார்ப்பதே முதற் பரீக்ஷை. ஊர் தொலைவென்று எண்ணி முன்பணம் அனுப்பிக் குட்டியை ரயிலில் வரவழைப்பவர் ஒன்றையும் சோதித்தவராகார். நாய்கள் கிடக்கும் இடம் உலர்ந்து சுத்தமாயிருக்கிறதா, தண்ணீரும் நிழலும் உண்டா, தாய் நாய் எலும்பும் தோலுமாயிருக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். அன்னியரைக் கண்டு தாய் நாய் குரைப்பது இயல்பு. உடையவர் சொல்லுக்கும் அடங்காமற் சீறுவதும், மூலையிற் பதுங்கி நடுங்குவதும் நற்குறிகளல்ல. இக்குணங்கள் குட்டிக்கும் வரக்கூடும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருத்தலே நலம். தந்தை நாய் எது, அது தாய்க்கு நெருங்கிய உறவா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். உடன்பிறந்தவற்றை இணைத்துக்கொண்டே வந்தால், மறைந்திருக்கும் பிறவிக் குறைகள் குட்டிகளில் வெளிப்படும்.

சட்டம் விதிப்பது

நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் விதிகள் 2017-இல் வெளிவந்தன. அவற்றின்படி நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்திற் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டை நாயை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது; அதன் வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேற்படலாகாது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. இக்கடைசி விதிக்குத் தக்க காரணமுண்டு. தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்கும் காலத்திலேயே, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி நோய்க்கும் எளிதில் இரையாகிறது.

காது சோதனை

இராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களிற் சில பிறவிச் செவிடாயிருக்கும். உட்செவியில் நிறம் தரும் அணுக்கள் இல்லாமற்போவதால், பிறந்த சில வாரங்களுக்குள் கேள்வி நரம்புகள் கெட்டுவிடுகின்றன. வெண்மை மாத்திரம் குற்றமன்று. ஆனால் சோதனை செய்யாமல் வாங்கலாகாது. குட்டியைத் தனியே பிரித்து, அதன் கண்ணுக்குப் படாமற் பின்புறம் நின்று சாவிக்கொத்தை ஆட்ட வேண்டும். கூட்டத்தில் வைத்துச் சோதித்தால், செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்துத் திரும்பி ஏமாற்றிவிடும். தரையை மிதித்து ஓசை செய்தால் அதிர்ச்சியை உணர்ந்து திரும்பக்கூடுமாதலால் அதுவும் சோதனையாகாது. எப்பக்கத்து ஓசைக்கும் ஒரே பக்கம் திரும்பும் குட்டிக்கு ஒரு காது கேளாதிருக்கலாம்.

ஊசியும் மருந்தும்

பிறந்த இரண்டாம் வாரம் முதல் பூச்சி மருந்தும், 6 முதல் 8 வாரத்திற்குள் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கு முதல் ஊசியும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட அட்டையைப் பார்த்தே இதை நம்பலாம். இரத்தக் கழிச்சலுண்டாக்கும் பார்வோ நோய் சில நாட்களிற் குட்டியைக் கொன்றுவிடும். ஆதலின் புதுக்குட்டியை இரண்டு வாரம் மற்ற நாய்களோடு சேர்க்காதிருத்தல் நலம். வெறிநோய்த் தடுப்பூசி போடுவது 3-ஆம் மாதத்தில். ஆகவே அது பெரும்பாலும் வாங்கியவரின் கடமையாகிறது. பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும்.

குட்டியின் கடிதானே என்று அலட்சியம் செய்தல் பெருந்தவறு. குட்டிக்கும் வெறிநோய் வரும். பல் பட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வதோடு, வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளை முன்னதாகவே தண்டோராப் போட்டு அறிவித்தல் நலம்.

நல்ல விற்பனையாளரின் அடையாளம்

பொறுப்புள்ளவர் தாமும் கேள்வி கேட்பார். குட்டி எங்கே தங்கும், சங்கிலியிலேயே கிடக்குமா, என்ன தீனி, வீட்டிற் சிறுபிள்ளைகள் உண்டா என்று விசாரிப்பார். வளர்க்க முடியாமற் போனால் தம்மிடமே திருப்பித் தருமாறும் சொல்வார். பணத்தை மாத்திரம் எண்ணிக்கொண்டு குட்டியைக் கையில் திணிப்பவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்புவதே இலாபம். ஒரு நாள் பிரயாணச் செலவுக்கு அஞ்சி வாங்கிய குட்டி, பத்தாண்டு காலம் வீட்டுக்கும் பட்டிக்கும் பாரமாய் நிற்கக்கூடும்; பார்த்து வாங்கியதோ அக்காலமெல்லாம் விழித்துக் காக்கும்.