சனசமூக நிலையத்தைப் பெருப்பிக்குமுன்

ஒரு மண்டபம், பத்திரிகை மேசை, கரம் பலகை, முற்றத்தில் கரப்பந்தாட்டக் கம்பங்கள். கல்முனைக் கரையோரத்து ஊர்களில் நாம் காணும் சனசமூக நிலையங்கள் பலவும் இவ்வாறானவையே. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் அவசர அவசரமாகக் கட்டிய, திருத்திய கட்டடங்களுக்கு இப்போது இருபது வயதாகிவிட்டது. தூண்கள் வெடித்துள்ளன, கூரை ஒழுகுகிறது. ஆகவே ‘திருத்த வேண்டும், பெருப்பிக்க வேண்டும்’ என்ற கோரிக்கைகள் எழுகின்றன. இவ்வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதே இம்முறை நமது பாடம்.

கல்முனைக்கு அண்மிய ஓர் ஊரில் இதற்கென ஒரு கூட்டம் நடந்தது. இளைஞர்கள் ஒரு வரைபடத்துடன் வந்திருந்தனர்: மேல்மாடி ஒன்று, அதில் உடற்பயிற்சிக்கூடம், கீழே மேடை. நல்ல ஆர்வம்தான். நாமும் செலவுக் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். அப்போது வாசற்படியில் நின்ற ஒரு தாய், “பாதர், பொடியனுகளுக்கு விளையாட இடமிருக்கு. எங்கட பொம்புளப் புள்ளயள் எங்க போற?” என்று கேட்டார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த நிலையம் ‘எல்லோருக்கும் உரியது’ என்றே அதன் யாப்பில் உள்ளது. ஆனால் அதன் உள்ளே பெண்கள் கால் வைத்து எத்தனை வருடம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. கருத்திட்டம் எழுதும் நம்மைப் போன்றவர்கள் ‘பயனாளிகள்’ என்ற ஒரு சொல்லில் இத்தகையவர்களை மறைத்துவிடுகிறோம்.

அடுத்த கூட்டத்துக்குப் பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் மௌலவியையும் அழைத்தோம். ஒரே கட்டடத்தில் ஆணும் பெண்ணும் கூடுவது சரியல்ல எனச் சிலர் வாதிட்டனர். அது அவ்வூராரே பேசித் தீர்க்கவேண்டிய விடயம்; நாம் வாய் திறக்கவில்லை. இரண்டு மணி நேரத்தின் பின் ஒரு வழி பிறந்தது. மேல்மாடியை இப்போதைக்கு விட்டு, தெற்குப் பக்கத்தில் தனி வாசலுடன் ஓர் அறை கட்டுவது. காலையில் தையலும் வாசிப்பும் பெண்களுக்கு. அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம், வழமைபோல, முற்றம் இளைஞர்களுக்கு. பெண்களுக்கெனத் தனி மலசலகூடமும் வேண்டும். இது கரையோர மணல் நிலம்; நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது விடவேண்டும். வளவு சிறிதாகையால், அறையின் இடத்தையே குழிதான் தீர்மானித்தது!

இனிப் பழைய கட்டடம். இங்கே நமது தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு வேறோர் ஊரில் வெடித்த தூண்களுக்கு மேலே சீமெந்துப் பூச்சுப் பூசி, நிறமும் அடித்துக் கையளித்தோம். இரண்டு மாரி கழிய, பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. காரணம் உள்ளே இருந்த கம்பி. உப்புக் காற்றாலோ கழுவாத கடல் மணலாலோ உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேற்பூச்சு இதற்கு மருந்தாகாது. கூரைக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்புறம் வரை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி வைத்து, ஆற்றுமணலில் புதிதாக வார்க்க வேண்டும். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குல மூடல் இருக்கட்டும். மேசன் ‘ஒன்று போதும்’ என்பார், விடாதீர்கள்.

புதிய அறையைப் பழைய சுவரோடு பிணைத்துக் கட்டுவதும் கூடாது. பழைய அத்திவாரம் இருந்து முடிந்தது, புதியது இனித்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் வெடிப்பு வராது.

சிரமதானத்துக்கு நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. ஒக்டோபரில் மழை பிடித்தால் கூரை வேலை செய்ய முடியாது. அப்போது வயற்காரருக்கும் பெரும்போக விதைப்பு. கச்சான் வீசும் மாதங்களில் கட்டடத்துக்கு வசதி, ஆனால் கடலும் அமைதியாக இருப்பதால் மீனவர்கள் தொழிலுக்குப் போய்விடுவார்கள். ஜும்ஆவுக்காகத் தொழிலை நிறுத்துவோர் பலர் என்பதால் வெள்ளி பிற்பகலைத் தெரிந்தோம். ஒப்பந்தகாரருக்கு அது பிடிக்கவில்லை.

காணியைப் பற்றியும் ஒரு சொல். நிலையம் நிற்பது மாநகர சபைக் காணியா, பள்ளிவாசல் காணியா என்று முதலிலேயே பாருங்கள். பள்ளிவாசலுக்குரியதாயின் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் அதற்குப் பொருந்தும். நம்பிக்கைப் பொறுப்பாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றி ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு இதில் என்ன வேலை என்று அங்கே ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முஸ்லிம்களோடு சேர்ந்து சமூக நீதிக்காக உழைக்கும்படி எம்மைக் கேட்டுக்கொண்டதைச் சொன்னோம். “அப்ப மண்வெட்டியப் புடியுங்க” என்றார்.

அறை முடிந்துவிட்டது, அதன் சாவி அன்று கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் இருக்கிறது. மேல்மாடியை மட்டும் இளைஞர்கள் இன்னும் கைவிடவில்லை. பழைய அத்திவாரம் அதைத் தாங்குமா என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மழைக்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மூலைகளில் தோண்டிப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.