ஒற்றைத் தலைவலிக்குக் குளுக்கோஸ் ஏற்றலாமா?

குறுவை நடவு நாட்களில் தஞ்சை வட்டாரத்தில் காலை ஆகாரமின்றி வெயிலில் குனிந்து நாற்று நடும் சகோதரிகள் சிலருக்கு ஒற்றைத் தலைவலி கிளம்பிவிடும். வாந்தியும் சேர்ந்துகொள்ளும். "டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள்.

அந்த அரை லிட்டர் பாட்டிலில் என்னதான் இருக்கிறது? 5 சதவீதக் குளுக்கோஸ் என்றால் 25 கிராம் சர்க்கரை. சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு. மற்றதெல்லாம் தண்ணீர், வலி நிறுத்தும் மருந்து அதில் இல்லை. அமெரிக்க அவசரப் பிரிவுகளில் நடந்த ஆய்வுகளிலும் சலைனால் வலி கூடுதலாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. வலியைத் தணிப்பவை பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும், டாக்டர் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியும்தான்.

டிரிப்ஸ் வீண் என்று சொல்லவில்லை. விடாத வாந்தியால் நாக்கு உலர்ந்து, சிறுநீர் குறைந்து, குடித்த தண்ணீரும் தங்காதவருக்கு அது அவசியம். வாய்வழி குடிக்க முடிந்தவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலே போதும். 1971இல் மேற்கு வங்க அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்துத்தான் காலரா நோயாளிகளைப் பிழைக்கவைத்தார்!

ஆனால் இடி விழுந்தாற்போல் திடீரென வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி, வலிப்பு ஆகியவை வேறு விஷயம். அவர்களைப் பக்கத்துக் கிளினிக்கில் டிரிப்ஸுக்குப் படுக்கவைக்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.