படத்தைச் சுருக்கி அனுப்பும் எளிய முறைகள்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் உப்பளங்களும் நெல்வயல்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபொழுது, இப்பகுதியின் உப்பளங்கள் நீரில் மூழ்கின. வயல்களிலும் வெள்ளம் நின்றது. இவ்வாறான சேதத்தை அதிகாரிகளுக்கு எடுத்துக்காட்ட, இன்று கைபேசியில் எடுத்த படத்தைப் போன்ற சாட்சி வேறில்லை. ஆயினும் புயல் அடித்த மறுநாள் கைபேசித் தொடர்பு மெலிந்திருக்கும். பெரிய படம் நெடுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும், போய்ச் சேராது. சிறிய படமோ சேர்ந்துவிடும்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனிப்பட்ட வயலுக்கு இயற்கையால் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். அந்த மூன்று நாட்களில் படம் போகாமல் தங்கினால் நஷ்டம் உழவருக்கே. உப்பளத்திற்கு அத்திட்டம் பொருந்தாது. எனினும் நிவாரணம் கோரும் விண்ணப்பத்துடன் தெளிவான படத்தை இணைத்தால் விண்ணப்பம் வலுப்பெறும். ஆகவே படத்தைச் சுருக்கும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

படத்தின் அளவு என்பது யாது?

கைபேசிப் படம் பல இலட்சம் புள்ளிகளால் ஆனது. அப்புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். நீளத்தில் 4000 புள்ளியும் அகலத்தில் 3000 புள்ளியும் கொண்ட படத்தில் மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவது போன்றதே இக்கணக்கும். ஒரு மனையின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் பரப்பு கால் பங்காகிறது அன்றோ? அவ்வாறே மேற்சொன்ன படத்தை 1600க்கு 1200 என்று சுருக்கினால், புள்ளிகள் 19 இலட்சத்து 20 ஆயிரமாகின்றன. அதாவது ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவு. கைபேசித் திரையிலும் கணினித் திரையிலும் பார்ப்பதற்கு இதுவே போதும்.

இதனால் விளையும் பயனைப் பாருங்கள். நொடிக்கு 32 கே.பி. மட்டுமே செல்லும் மெலிந்த தொடர்பில் 4 எம்.பி. அளவுள்ள படம் போய்ச் சேர இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். 400 கே.பி. படமோ 13 நொடிகளில் சென்றுவிடும். பத்துப் படங்கள் அனுப்புவோருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

எந்த அளவுக்குச் சுருக்கலாம்?

உப்பு விளைவிப்போர் இதனை எளிதில் உணர்வர். கடல்நீரைப் பாத்தியில் வற்றவிடும்போது நீர் போகிறது, உப்பு தங்குகிறது. அடர்த்தி மானி ஏறக்குறைய 25 டிகிரி காட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். 30 டிகிரியைத் தாண்டியும் நீரை வெளியேற்றாவிட்டால் கசப்பு உப்புகள் கலந்து சரக்கின் தரம் கெடும். படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. சேதத்தைக் காட்டும் படத்தில் சாய்ந்த கதிரும், நீர் நின்ற உயரமும், வரப்பின் அடையாளமும் தெரிய வேண்டும். இவை மங்கும் அளவிற்குச் சுருக்கலாகாது. ஒருமுறை போன புள்ளிகள் மீண்டும் வாரா. ஆதலின் மூலப்படத்தை எப்பொழுதும் தனியே பாதுகாத்து, நகலையே சுருக்குதல் வேண்டும்.

மூன்று எளிய முறைகள்

முதலாவது, எடுக்கும்போதே அளவைக் குறைத்தல். பல கைபேசிகளில் கேமராவின் அமைப்புப் பகுதியில் படத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. மிகப் பெரிய அளவை விடுத்து நடுத்தர அளவை வைத்துக்கொண்டால் பின்னர் சுருக்கும் வேலையே இராது.

இரண்டாவது, வாட்ஸ்அப் வழி. படத்தைச் சாதாரண முறையில் தமக்குத்தாமே அனுப்பிக்கொண்டால் வாட்ஸ்அப் தானாகவே அதனைச் சுருக்கிவிடும். அந்நகலைச் சேமித்துப் பயன்படுத்தலாம். உயர்தரம் எனப்படும் எச்.டி. முறையில் அனுப்பினால் அவ்வளவாகச் சுருங்காது; ஆவணமாக அனுப்பினால் சிறிதும் சுருங்காது. இம்முறையில் ஒரு குறை உண்டு. படத்தினுள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும். இடக்குறிப்புடன் படம் கேட்கும் திட்டங்களுக்கு இந்நகல் உதவாது. அங்கே அத்திட்டத்திற்குரிய செயலியின் மூலமே படம் எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, கணினி வழி. விண்டோஸ் கணினியிலுள்ள பெயின்ட் என்னும் செயலியில் படத்தைத் திறந்து, ரீசைஸ் என்பதை அழுத்துக. பிக்சல் என்பதைத் தெரிந்து, நீள அகல விகிதத்தைக் காக்கும் குறி இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, நீளத்தில் 1600 என இடுக. அகலம் தானே அமையும். பின்னர் வேறொரு பெயரில் ஜேபெக் வகையாகச் சேமிக்க. பழைய பெயரிலேயே சேமித்தால் மூலப்படம் அழிந்துவிடும்.

வேலை தேடும் இளைஞர்களுக்கு

உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று போட்டித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம், முகப்படம் 20 முதல் 50 கே.பி. வரையிலும், கையொப்பப் படம் 10 முதல் 20 கே.பி. வரையிலும் இருக்கக் கேட்கிறது. முகப்படத்திற்கு 200க்கு 230, கையொப்பத்திற்கு 140க்கு 60 பிக்சல் என்பன விரும்பத்தக்க அளவுகள். முதலில் முகமும் தோளும் மட்டும் நிற்குமாறு ஓரங்களை வெட்டுக; அதன்பின் சுருக்குக. ஓரம் வெட்டாமல் விகிதத்தை மாற்றி இழுத்தால் முகம் கோணலாகிவிடும். வெவ்வேறு தேர்வுகளுக்கு அளவு வேறுபடும். அறிவிப்பை முன்னதாகப் படித்துக்கொள்க.

எச்சரிக்கை ஒன்று

படத்தை இலவசமாகச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்கள் பல உள்ளன. ஊர்க்குளத்தின் படத்தை அவற்றில் ஏற்றுவதால் தீங்கில்லை. ஆனால் ஆதார் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களை அறியாத தளங்களில் ஏற்றுதல் கூடாது. அவற்றைத் தம் கைபேசியிலோ, நம்பகமான கணினியிலோ சுருக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மழைக்காலம் தொடங்குமுன் கூடும் கிராம சபையில், கைபேசிப் பழக்கமுள்ள இளைஞர் ஒருவரைக்கொண்டு இம்முறைகளை அரைமணி நேரம் செய்துகாட்டச் செய்யலாம். அக்டோபர் 2ஆம் நாள் கூடும் சபை இதற்கு மிகவும் ஏற்றது. சேதம் நேரும்முன்பே ஒவ்வோர் உழவரும் தம் வயலையும், ஒவ்வோர் உப்பு உற்பத்தியாளரும் தம் பாத்திகளையும் நல்ல நிலையில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்கள் எடுத்துரைக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால் சேதத்தின் அளவு தானே விளங்கும்.

கரையோர மக்களுக்குப் புயல் புதிதன்று. வெள்ளம் வடியும்முன் எடுத்து, சுருக்கி, உரிய காலத்தில் அனுப்பிய ஒரு படம், வெள்ளம் வடிந்தபின் சொல்லும் நூறு சொற்களைவிட உறுதியாகப் பேசும். அதனைச் செய்யும் திறன் ஊரில் ஒருவரிடம் மட்டும் இருத்தல் போதாது. வீட்டிற்கு ஒருவரேனும் கற்றிருத்தல் வேண்டும்.