பழைய காருக்குப் பெரிய கார்புரேட்டர்

மட்டாஞ்சேரி கடலோர ஊர். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பெட்ரோல் டாங்கில் சேரும் துரு கார்புரேட்டரை அடைக்கும். பழைய கார் வைத்திருப்பவருக்கு இது தெரியும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961 முதல் சென்னையில் தயாரானது. அதே குடும்பத்தில் 1962-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற வேகக் கார் வந்தது. அதற்கு இரண்டு கார்புரேட்டர்கள். அதுபோல ஹெரால்டும் ஓட வேண்டும் என்று சிலர் பெரிய கார்புரேட்டர் போட நினைப்பார்கள்.

கார்புரேட்டரின் வேலை என்ன? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது. 1 கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். அரிசிக்கு ஏற்ற தண்ணீர் போல, இங்கும் அளவுதான் முக்கியம்.

பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும். பணம் வீணாகும். குறைந்தால் எஞ்சின் அதிகம் சூடாகும்.

முதலில் டாங்கையும் பழைய கார்புரேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். காற்று வடிகட்டியைப் பாருங்கள். பல நேரம் இதுவே போதும், செலவு மிச்சம்.

பெரியது போட்டால் அதற்கேற்ற ஜெட்டும் போட வேண்டும். ஜெட் என்பது பெட்ரோல் வரும் சிறு துளை. கொஞ்ச தூரம் ஓட்டிய பின், எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

இளம் பழுப்பு நிறம் – அளவு சரி.
கரி படிந்தால் – பெட்ரோல் அதிகம்.
வெளுத்திருந்தால் – பெட்ரோல் குறைவு.

எச்சரிக்கை! இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய் அதில் கெட்டுப்போகலாம். கசியும் பெட்ரோல் சூடான எஞ்சினில் பட்டால் தீப்பிடிக்கும். குழாயையும் மாற்றுங்கள். வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

பதில் சொல்லுங்கள்:
1. கரும்புகை ஏன் வருகிறது?
2. கார்புரேட்டரை மாற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?