டிபி சிகிச்சையில் எடை மெஷினுக்கு என்ன வேலை?

காசநோய்க்கு மருந்து இருக்கு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்குது. அப்புறமும் ஏன் சிலர் இறந்துபோகிறார்கள்? நோய்ப்பரவியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள்: யார் இறக்கிறார்கள், எப்போது? இறப்புகளில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடப்பது தெரியவந்தது. மருந்து கிருமியை அடக்க வாரக்கணக்கில் ஆகும். எலும்பும் தோலுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வருபவரின் உடம்பு அதுவரை தாங்குவதில்லை.

இந்தப் புரிதலில்தான் 2022-ல் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ தொடங்கியது. டிபி உறுதியானதும், லேப் ரிசல்ட் எதற்கும் காத்திருக்காமல், பெரியவர்களுக்குச் சில விஷயங்களை உடனே பார்க்கிறார்கள். எடை, உயரம், கால் வீக்கம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்? 24-க்கு மேல் போனால் ஆபத்து. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருந்தாலும் ஆபத்து. எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை என்றாலும் அப்படியே. இதில் ஒன்று இருந்தாலே டாக்டர் முழுமையாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் அட்மிட் செய்வார்.

எடையை மட்டும் தனியாகப் பார்க்க முடியாது, உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்க போன் கால்குலேட்டரே போதும். எடை 35 கிலோ, உயரம் 1.60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.60-ஐ 1.60-ஆல் பெருக்கினால் 2.56. 35-ஐ அதனால் வகுத்தால் 13.7. இதுதான் பிஎம்ஐ. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் மிகக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 16 வரை இருந்து, இரண்டு காலும் வீங்கியிருந்தாலும் அதே கணக்குதான்.

எல்லா டிபி நோயாளிக்கும் பெட் தேவையா? தேவையில்லை. இதைக் காட்டியதும் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குணமானார்கள். பெட் யாருக்கு அவசியம் என்று பிரித்தெடுப்பதுதான் இப்போதைய வேலை.

சாப்பாடு விஷயத்துக்கு ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வைப் பார்க்கலாம். நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்த குடும்பங்களில், புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த இரண்டு எண்ணும் ஒரே மாதிரி இல்லை, கவனிங்க. முதலாவது, உணவு கொடுத்த, கொடுக்காத குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. இரண்டாவது ஒரு தொடர்பு மட்டுமே. நோய் குணமாகி வருவதாலும் எடை கூடலாம். ஆனாலும் எடை ஏறவே இல்லை என்றால் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்க.

சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். நோயாளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும் என்பதால், டிபி பதிவு செய்யும்போதே பாஸ்புக்கை எடுத்துப் போங்க. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.