எங்கள் படகுக்கு ஒரு புத்தகம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

வீட்டுக்கு மாவரைக்கும் யந்திரம் வாங்கினால் கூடவே ஒரு சிறு புத்தகம் வருகிறது. தையல் யந்திரத்துக்கும் வருகிறது. ஆனால் ஐந்து பேருடைய உயிரைச் சுமந்துகொண்டு விடியுமுன் கடலில் இறங்கும் எங்கள் அப்பாவின் கண்ணாடியிழைப் படகுக்கு எந்தப் புத்தகமும் வரவில்லை. பணம் கட்டினோம்; லாரியில் படகு வந்து இறங்கியது; அவ்வளவுதான்.

என் தாத்தா காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. வள்ளம் கட்டிய ஆசாரி அதே ஊரில் இருந்தார். “ஆசாரி, அணியத்துல தண்ணி ஏறுது” என்று காலையில் தாத்தா சொன்னால், மாலையில் அவரே கரைக்கு வந்து பார்ப்பார். அடுத்த வள்ளத்துக்கு அணியத்தைச் சற்று உயர்த்திவிடுவார். எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தொழிற்சாலைப் படகு அப்படியன்று. அது அச்சில் பிறக்கிறது. மெழுகு தேய்த்த அச்சின் உட்புறத்தில் முதலில் நிறம் கலந்த மேற்பூச்சைப் பூசுகிறார்கள். பிறகு கண்ணாடியிழைப் பாய்களைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, காற்றுக் குமிழிகள் போகும்படி உருளையால் அழுத்துகிறார்கள். பிசின் இறுகியதும் உரித்தெடுத்தால் படகு. அதே அச்சில் மறுபடியும் ஒன்று, மறுபடியும் ஒன்று. ஆசாரியின் கை தவறினால் ஒரு வள்ளத்தோடு போயிற்று. அச்சிலோ, அடுக்கும் முறையிலோ தவறு இருந்தால் அது அத்தனை படகுகளிலும் இருக்கும். அவற்றை வாங்கியவர்களோ ஒருவரையொருவர் அறியாமல் பல கரைகளில் இருப்பார்கள்.

எங்கள் படகில் நடந்ததைச் சொல்கிறேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையில், ஆணிகளுக்குக் கீழே தலைமுடி போல ஒரு கீறல் விழுந்தது. அப்பா அதை எம்சீல் வைத்து அடைத்தார். அடுத்த மாதம் கீறல் ஒரு விரல் நீளம் ஆயிற்று. படகைத் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். அதன் உள்ளே மரப்பலகை இருக்கிறது. ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். நடுக்கடலில் அது பிளந்தால் எஞ்சின் தண்ணீருக்குள் போகும். அம்மா அந்த மாதம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை.

நான் கரையில் விசாரித்தேன். அதே பட்டறையில் வாங்கிய படகுகள் எங்கள் ஊரில் ஆறு. அவற்றில் நான்கில் அதே இடத்தில் கீறல்! நான்கு பேரும் தனித்தனியே அடைத்துக்கொண்டார்களே தவிர, ஒருவரும் பட்டறைக்குச் சொல்லவில்லை. “சொன்னா மட்டும் என்ன செய்வான், மக்களே?” என்றார் அப்பா.

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு ஒரு படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்குப் படகுகளில் குறை தெரியவந்தால், கட்டியவர் அவற்றை வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம். எந்தப் படகு என்று கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்காக 1972 நவம்பர் முதல் ஒவ்வொரு படகின் உடலிலும் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளம் பொறிக்கப்படுகிறது. முதல் மூன்று எழுத்துகள் கட்டியவரைக் காட்டும். 20 அடிக்கு உட்பட்ட பல வகைப் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று ஒரு தகடும் பதிக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி பொழுதுபோக்குப் படகு ஒவ்வொன்றுடனும் உடைமையாளர் கையேடு தரப்பட வேண்டும். எங்கள் அணியத்திலும் மீன்வளத்துறைப் பதிவெண் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, படகு எந்த அச்சில் எப்போது பிறந்தது என்று அறிய முடியாது.

கையேடு இல்லாததால் இன்னொரு விபரீதமும் நடக்கவிருந்தது. பக்கத்து வீட்டு மாமா, பனிக்கட்டி வைக்க இடம் வேண்டுமென்று இருக்கைக்கு அடியிலிருந்த நுரையை வெட்டி எடுக்கப் பார்த்தார். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வைப்பதே அந்த நுரைதான். 1961இல் ஓர் அமெரிக்கப் படகு நிறுவனத்தின் தலைவர், நுரை நிரப்பிய தம் படகில் அமர்ந்தபடியே அதை இரண்டாக அறுக்கச் செய்து, எஞ்சின் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டு போனார்! அதைச் சொன்ன பிறகுதான் மாமா அரிவாளைக் கீழே வைத்தார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகுகளில் பல தரம் குறைந்தவை என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால், 1980களின் தொடக்கத்தில், குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். பட்டறை மீனவர் ஊரிலேயே இருந்தது. அப்பணியில் ஈடுபட்ட பெல்ஜிய நாட்டவர் பியர் கில்லே, அதில் பட்ட பாடுகளையும் கண்ட வெற்றியையும் 1985இல் ஒரு நூலாகவே எழுதினார். பாடுகளையும் மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

நானும் எழுதினேன். நான்கு படகுகளையும் அளந்து, கீறலை வரைந்து, வாங்கிய மாதத்தையும் எஞ்சினையும் குறித்துப் பட்டறைக்குக் கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்து உரிமையாளரே வந்தார். “25 குதிரை எஞ்சின் மாட்டினா இப்படித்தான் ஆகும்” என்றார். “எவ்வளவு மாட்டலாம்னு எங்க எழுதியிருக்கு?” என்று அப்பா கேட்டார். நான்கில் இரண்டு படகுகளில் 9.9 குதிரை எஞ்சின்தான் இருந்தது என்பதை நான் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே, அண்ணே” என்றார்.

அடுத்து எங்கள் ஊருக்கு வந்த படகில் பின்பலகைக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, ஆணித் துளைகளைப் பிசினால் அடைத்திருந்தார்கள். எங்கள் படகையும் பாதிச் செலவில் சரிசெய்து கொடுத்தார். பாதிச் செலவு நாங்கள் ஏன் தரவேண்டும் என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

புத்தகம் மட்டும் வரவில்லை. ஆகவே 40 பக்க நோட்டு ஒன்றில் அப்பாவும் நானுமே எழுதத் தொடங்கியிருக்கிறோம். தண்ணீர் வடியும் துளை எங்கே, நுரை எங்கே, எங்கே துளையிடக் கூடாது, எந்தத் தேதியில் என்ன பழுது என்று ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. முதல் பக்கத்தில் ‘அதிக அளவு குதிரைத்திறன்’ என்பதற்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. அதைக் கட்டியவர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது கடிதம் போன திங்கட்கிழமை போட்டிருக்கிறேன்.